இந்தக் கண்ணாடியைச் செய்தவர் யார்?

(ஜூபிலி விழாவையொட்டி நடைபெற்ற சொற்பொழிவு வரிசையில் ஆற்றிய உரை)

 

ஜூபிலி ஆண்டில் பழமையைப் போற்றிப் பேசுவது வழக்கம். ஆனால் ஒரு பழைய பொருளைப் போற்றுவது வேறு, அதன் வயதையும் அதைச் செய்தவரையும் சரியாகச் சொல்வது வேறு. போற்றுவதற்கு அன்பு போதும். சரியாகச் சொல்வதற்குப் பொறுமையும் நேர்மையும் வேண்டும். இதற்கு எடுத்துக்காட்டாக இத்தாலிய நாட்டுக் கலைக் கண்ணாடியை இன்று எடுத்துக்கொள்கிறேன்.

ஐரோப்பிய, அமெரிக்க நகரங்களின் பழம்பொருள் கடைகளில் வண்ணப் பூச்சாடிகளும், கிண்ணங்களும், பறவை உருவங்களும் வரிசை வரிசையாக நிற்கின்றன. பெரும்பாலானவற்றில் பெயர் இல்லை. வெறும் "பழைய கண்ணாடி" என்றால் அதற்கு ஒரு விலை, "முரானோ" என்றால் இன்னொரு விலை, "வெனினி" என்றால் மற்றொரு விலை! எனவே பெயர் தெரியாத பொருளுக்குப் பெயர் சூட்டும் ஆசை விற்பவருக்கும் வருகிறது, வாங்குபவருக்கும் வருகிறது. அந்த ஆசைக்கு இடங்கொடாமல் உண்மையைக் கண்டறிவது எப்படி என்பதே நம் கேள்வி.

பெயர் ஏன் இல்லை?

வெனிஸ் நகருக்கு வடக்கே, கடற்கழியின் நடுவே உள்ள சிறு தீவுக் கூட்டம் முரானோ. 1291ஆம் ஆண்டில் வெனிஸ் குடியரசு, தீ விபத்துக்கு அஞ்சி, நகருக்குள் இருந்த கண்ணாடி உலைகளை அப்புறப்படுத்த ஆணையிட்டது. அதுமுதல் இத்தொழிலின் தாயகமாக விளங்கியது முரானோ. தொழில் இரகசியம் வெளியே போய்விடக் கூடாது என்பதற்காகத் தொழிலாளர் தீவைவிட்டு வெளியேறுவதையும் அரசு கட்டுப்படுத்தியது. அப்படியும் சிலர் ஆண்ட்வெர்ப், இலண்டன் போன்ற நகரங்களுக்குப் போய் அங்கே வெனிஸ் பாணியில் கண்ணாடி செய்தார்கள். ஆகவே வெனிஸ் பாணியில் இருப்பதெல்லாம் வெனிசில் பிறந்தது என்று சொல்ல அன்றைக்கே வழியில்லாமல் போயிற்று.

இத்தொழிலின் இயல்பும் ஒரு காரணம். உலை முன் ஒருவர் தனித்து நின்று வேலை செய்வதில்லை. தலைமைக் கைவினைஞர் ஒருவர், அவருக்கு உதவியாக இரண்டு மூன்று பேர், கூடவே தொழில் பழகும் சிறுவன் என்று ஒரு குழுவே சேர்ந்து ஒரு பூச்சாடியைச் செய்கிறது. அதில் யார் கையொப்பம் இடுவது? இருபதாம் நூற்றாண்டில் வடிவத்தை வரைந்து கொடுக்கும் ஓவியரும் கட்டடக் கலைஞரும் தனியே வந்து சேர்ந்தார்கள். அதனால் "இதைச் செய்தவர் யார்?" என்னும் கேள்விக்கு மூன்று விடைகள் உண்டு. வரைந்தவர் ஒருவர், நிறுவனம் ஒன்று, உலை முன் நின்று வியர்வை சிந்தியவர் மற்றொருவர். எந்த விடையைச் சொல்கிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக் கொள்ள வேண்டும்.

குடும்பப் பெயர்களாலும் குழப்பம் உண்டு. பரோவியேர், டோசோ, செகூசோ ஆகியவை முரானோவின் பழம்பெரும் குடும்பங்கள். 1854இல் தோன்றிய நிறுவனம் பிரத்தெல்லி டோசோ. ஔரேலியானோ டோசோ வேறு நிறுவனம். பரோவியேர் அண்ட் டோசோ இன்னொன்று. அதுபோல செகூசோ வெத்ரி தார்த்தே ஒன்று, ஆர்க்கிமேதே செகூசோ மற்றொன்று. "இது டோசோ செய்தது" என்று ஒருவர் சொன்னால், "எந்த டோசோ?" என்று கேட்டாக வேண்டும்.

முதல் சாட்சி: கண்ணாடியே

ஒரு வழக்கில் நீதிபதி சாட்சிகளை ஒவ்வொருவராக விசாரிக்கிறார் அல்லவா? நாமும் அப்படியே செய்வோம். முதலில் பொருளைத் தலைகீழாகக் கவிழ்த்து அதன் அடியைப் பாருங்கள். ஊதுகுழலில் ஊதிய கண்ணாடியின் வாய்ப்பகுதியைச் செப்பனிட வேண்டுமானால், அதன் அடியை ஓர் இரும்புக் கம்பியின் நுனியில் ஒட்டவைத்து, ஊதுகுழலிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் கம்பியைத் தட்டி விடுவிப்பார்கள். அந்த இடத்தில் தொப்புள் போல ஒரு தழும்பு நிற்கும். சில நிறுவனங்கள் அதை அப்படியே விட்டன, சில அரைத்து வழவழப்பாக்கின. தழும்போ, அரைத்த அடையாளமோ இருந்தால் அது கைவேலை என்பதற்குச் சான்று. ஆனால் அது முரானோ என்பதற்குச் சான்று ஆகாது. உலகெங்கும் ஊதுபவர்கள் அப்படித்தான் ஊதினார்கள்.

பக்கவாட்டில் மேலிருந்து கீழாக மெல்லிய கோடு ஓடுகிறதா என்றும் விரலால் தடவிப் பாருங்கள். அது இரண்டு பாதி அச்சுகள் சேர்ந்த இடமாக இருக்கலாம்.

அடுத்து, கையில் எடுத்து விரலால் மெல்லத் தட்டுங்கள். முரானோவின் மரபுக் கண்ணாடி சோடா சேர்ந்தது. பதினைந்தாம் நூற்றாண்டில் அஞ்சலோ பரோவியேர் பெயரோடு இணைத்துச் சொல்லப்படும் "கிறிஸ்தாலோ" என்னும் தெளிந்த கண்ணாடியும் இவ்வகையே. இது நெடுநேரம் இளகி நிற்பதால் கையால் இழுக்கவும் முறுக்கவும் வசதியானது. ஈயம் சேர்ந்த படிகக் கண்ணாடியோ கனமானது, தட்டினால் மணிபோல நீண்டு ஒலிக்கும், பட்டை தீட்டுவதற்கு ஏற்றது. ஆழமாகப் பட்டை தீட்டி மணியோசை எழுப்பும் கனமான கிண்ணத்தை முரானோ என்று ஒருவர் விற்றால் கொஞ்சம் யோசியுங்கள்.

புற ஊதா விளக்கில் பச்சையாக ஒளிர்ந்தால் அதுவே முரானோ என்று சொல்பவர்கள் உண்டு. அந்தப் பச்சை ஒளி, கண்ணாடியில் யுரேனியம் கலந்திருப்பதைக் காட்டும். பொஹீமியாவிலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் யுரேனியம் கலந்த கண்ணாடி ஏராளமாகச் செய்யப்பட்டது. எனவே விளக்கு சொல்வது இரசாயனம் மட்டுமே. ஊர்ப் பெயரை அது சொல்லாது.

இரண்டாம் சாட்சி: வேலைப்பாடு

ஒரு வேலைப்பாடு எந்த ஆண்டில் தோன்றியது என்று தெரிந்தால், அந்தப் பொருள் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. இது எளிய விதி, ஆனால் மிகப் பயனுள்ள விதி. எவ்வளவு பிந்தியது என்பதை மட்டும் இந்த விதி சொல்லாது.

சில எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம். நுரைபோல எண்ணற்ற குமிழிகள் நிறைந்து, கல்லைப் போலத் தோன்றும் கண்ணாடிக்குப் "புலெகோசோ" என்று பெயர். நப்போலியோனே மர்த்தினூட்சி என்னும் சிற்பி வெனினி நிறுவனத்தில் 1928ஐ ஒட்டி இதை உருவாக்கினார். ஒரு வண்ணத்தின் மேல் இன்னொரு வண்ணம், அதன்மேல் தெளிந்த கண்ணாடி என்று அடுக்கடுக்காகத் தோய்ப்பது "சொம்மெர்சோ". கட்டடக் கலைஞர் கார்லோ ஸ்கார்ப்பா 1930களின் நடுப்பகுதியில் வெனினிக்காக இம்முறையைக் கையாண்டார். பின்னர் செகூசோ வெத்ரி தார்த்தே நிறுவனத்தின் பிளாவியோ போலி இதைத் தடித்த, எளிய வடிவங்களில் வளர்த்தார். 1954இல் இத்தாலியின் புகழ்பெற்ற கொம்பாசோ தோரோ பரிசு அவருக்குக் கிடைத்தது. வண்ணச் சதுரத் துண்டுகளை ஒட்டுப்போட்ட துணிபோல இணைக்கும் "பெட்சாத்தோ" வரிசையை 1950ஐ ஒட்டி வரைந்தவர் புல்வியோ பியாங்கோனி.

வெயிலில் இளம் ஊதா, குழல் விளக்கின் கீழ் நீலம் என்று நிறம் மாறும் கண்ணாடியையும் காணலாம். அதில் நியோடிமியம் என்னும் தனிமம் கலந்திருக்கிறது. கலைக் கண்ணாடியில் அது புழக்கத்திற்கு வந்தது 1920களின் பிற்பகுதியில்தான். ஆகவே அத்தகைய கிண்ணத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பொருள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆனால் எல்லா வேலைப்பாடும் இப்படி வயதைக் காட்டிக் கொடுக்காது. வெள்ளை இழைகளைக் கண்ணாடிக்குள் முறுக்கிவைக்கும் பின்னல் வேலை பதினாறாம் நூற்றாண்டிலேயே இருந்தது, இன்றும் இருக்கிறது. தங்க ரேக்கு பதிப்பதும், செம்புத் துகள்களாய் மின்னும் அவெந்தூரினும் அப்படியே. இவை அழகுக்குச் சாட்சி, வயதுக்குச் சாட்சி அல்ல.

இங்கே இரண்டு குருக்களை நினைவுகூர வேண்டும். முதலாமவர் பிளாரன்ஸ் நகரத்துக் குருவானவர் அந்தோனியோ நேரி. கண்ணாடி செய்யும் முறைகளை விளக்கி அவர் எழுதிய நூல் 1612இல் அச்சேறியது. மூடி வைத்திருந்த தொழில் நுணுக்கங்கள் ஐரோப்பா முழுவதும் பரவ அது வழிசெய்தது. மற்றவர் முரானோவைச் சேர்ந்த குருவானவர் வின்சென்சோ சனெத்தி. 1797இல் வெனிஸ் குடியரசு வீழ்ந்தபின் முரானோவின் உலைகள் நலிந்துபோயின. பழைய வேலைகளைத் தொழிலாளர்களே மறந்து கொண்டிருந்த காலம் அது. 1861இல் சனெத்தி அங்கே கண்ணாடி அருங்காட்சியகத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே தொழிலாளர்களுக்காக வரைகலைப் பள்ளியும் தோன்றியது. பழைய பொருள்களைக் கண்ணால் பார்த்து, தொழிலாளர்கள் மறந்த கலையை மீண்டும் கற்றார்கள். அந்தோனியோ சல்வியாத்தி என்னும் வழக்கறிஞர் அந்த வேலையை உலகச் சந்தைக்குக் கொண்டு சென்றார்.

பெருமைக்குரிய இந்த மறுமலர்ச்சியால் நம் ஆராய்ச்சிக்கு ஒரு சிக்கலும் வந்தது. டால்பின், பறவைநாகம் போன்ற உருவங்களைத் தண்டாகக் கொண்ட பழைய பாணிக் கோப்பைகள் 1860களுக்குப் பின் மிகுதியாகச் செய்யப்பட்டன. பழைய மாதிரியைப் பார்த்து மரியாதையோடு செய்தவை அவை. அவற்றை 1600ஆம் ஆண்டுக் கோப்பைகள் என்று விற்பவரிடம்தான் தவறு இருக்கிறது.

மூன்றாம் சாட்சி: லேபிளும் கையொப்பமும்

பலர் முதலில் தேடுவது லேபிளைத்தான். அதை மூன்றாவதாக வைத்ததற்குக் காரணம் உண்டு. லேபிள் காகிதம் அல்லது மெல்லிய உலோகத் தாள். கழுவினால் போய்விடும், எடுத்து வேறொன்றில் ஒட்டவும் முடியும். "முரானோ கண்ணாடி, இத்தாலியில் செய்தது" என்று ஆங்கிலத்தில் அச்சிட்ட பொது லேபிள்கள் பல நிறுவனங்களின் சரக்கில் இருந்தன. அவை ஒரு நிறுவனத்தையும் சுட்டா. அமெரிக்காவில் 1890ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயரை ஆங்கிலத்தில் குறிக்க வேண்டும் என்றது. எனவே ஆங்கில எழுத்து இருந்தால், அது ஏற்றுமதிக்காகச் செய்யப்பட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம். "வெத்ரோ ஆர்த்திஸ்திக்கோ முரானோ" என்னும் வணிகச் சின்னத்திற்கோ, வெனெத்தோ மாநிலம் 1994இல் இயற்றிய சட்டமே அடிப்படை. அந்தச் சின்னம் ஒட்டிய பொருளை 1950ஆம் ஆண்டுப் பொருள் என்று சொல்ல முடியாது.

கையொப்பத்தில் வெனினி நிறுவனத்தின் முறை நன்கு ஆராயப்பட்டது. முற்காலத்தில் "வெனினி முரானோ" அல்லது "வெனினி முரானோ இத்தாலியா" என்று அமிலத்தால் பதித்த சிறு முத்திரை இருந்தது. பிற்காலத்தில் கூரிய முனையால் எழுத்தைப் பொறித்தார்கள், ஆண்டைக் குறிக்கும் எண்ணையும் சேர்த்தார்கள். இந்த மாற்றமே காலத்தைக் கணிக்க உதவும். ஆனால் அமிலப் பசையும் ஒரு ரப்பர் முத்திரையும் இருந்தால் போலி முத்திரை போடுவது கடினமன்று! பொறிக்கும் கருவி எந்தக் கடையிலும் கிடைக்கும். எனவே கையொப்பம் சொல்வதைக் கண்ணாடியும் வேலைப்பாடும் ஆமோதிக்க வேண்டும். இரண்டும் முரண்பட்டால் கண்ணாடியை நம்புங்கள், எழுத்தைச் சந்தேகியுங்கள்.

நான்காம் சாட்சி: ஏடுகள்

நிறுவனங்களின் விற்பனைப் பட்டியல்களும், வரைபடங்களும், பழைய நிழற்படங்களும் உள்ளன. வெனிஸ் நகரின் பியனாலே கலைக் காட்சியில் 1932 முதல் 1972 வரை அலங்காரக் கலைகளுக்கென்றே ஒரு மண்டபம் இருந்தது. முரானோ நிறுவனங்கள் தங்கள் புதிய வேலைகளை அங்கே வைத்தன. எந்த வடிவம் எந்த ஆண்டில் முதன்முதல் வெளிவந்தது என்பதற்கு அந்தக் காட்சிகளின் பதிவுகள் உறுதியான சான்று. வெனிசில் சான் ஜோர்ஜோ தீவிலுள்ள சீனி அறக்கட்டளையின் கண்ணாடி ஆய்வு மையமும், அமெரிக்காவின் கார்னிங் கண்ணாடி அருங்காட்சியக நூலகமும் இத்தகைய ஏடுகளைச் சேர்த்துப் பாதுகாக்கின்றன.

ஏட்டிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. வடிவம் வரையப்பட்ட ஆண்டு வேறு, நம் கையிலுள்ள பொருள் ஊதப்பட்ட ஆண்டு வேறு. வெனினி நிறுவனத்தின் அடையாளமான "வெரோனேசே" பூச்சாடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஓவியர் பவுலோ வெரோனேசே, கபிரியேல் தூதர் மரியன்னைக்கு மங்கள வார்த்தை சொன்ன காட்சியைத் தீட்டியிருக்கிறார். அந்தப் படத்தில் உள்ள ஒரு கண்ணாடிப் பாத்திரத்தைப் பார்த்து, 1921இல் விட்டோரியோ செக்கின் இந்தப் பூச்சாடியை வடிவமைத்தார். பதினாறாம் நூற்றாண்டு ஓவியம், 1921ஆம் ஆண்டு வடிவம். அதே வடிவம் பிற்காலத்திலும் மீண்டும் மீண்டும் ஊதப்பட்டு வந்திருக்கிறது. படத்தோடு ஒத்திருக்கிறது என்பதால் மட்டும் வயது தெரிந்துவிடாது.

அடியிலுள்ள தேய்மானத்தையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். ஐம்பது ஆண்டுகள் மேசைமேல் இருந்து, தூசி துடைக்க நகர்த்தப்பட்ட பொருளின் அடி விளிம்பில் நுண்கீறல்கள் எல்லாத் திசையிலும் ஓடியிருக்கும். தரையில் படும் இடத்தில் மட்டுமே அவை இருக்கும். எல்லாம் ஒரே திசையில், உப்புத்தாளால் தேய்த்ததுபோல இருந்தால் காரணம் கேளுங்கள். ஒரு பூதக்கண்ணாடி போதும்.

ஒரு வழக்கை விசாரிப்போம்

நான்கு மூலைகளும் மேலே தூக்கி நிற்க, விரித்த கைக்குட்டை காற்றில் உறைந்ததுபோல ஒரு பூச்சாடி உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். "கைக்குட்டை" என்ற பொருளிலேயே "பட்சொலெத்தோ" என்று இதை அழைப்பார்கள். 1940களின் கடைசியில் புல்வியோ பியாங்கோனியும் பவுலோ வெனினியும் உருவாக்கிய வடிவம். உடனே "வெனினி" என்று சொல்லிவிடலாமா?

அடியைப் பார்க்கிறோம். தழும்பும் இல்லை, அரைத்த அடையாளமும் இல்லை. கனம் எங்கும் ஒரே சீராக, சன்னல் கண்ணாடிபோல இருக்கிறது. வெள்ளைக் கோடுகள் கண்ணாடிக்கு உள்ளே இல்லை, மேற்பரப்பில் அச்சடித்தாற்போல நகத்தில் தட்டுப்படுகின்றன. அப்படியானால் அது பெரும்பாலும் இங்கிலாந்தின் சான்ஸ் பிரதர்ஸ் நிறுவனப் பொருள். அவர்கள் தட்டைக் கண்ணாடியைச் சூட்டில் இளக்கி, மடித்து விழச் செய்து இத்தகைய சாடிகளைச் செய்தார்கள். அவ்வாறில்லாமல், முறுக்கிய இழைகள் கண்ணாடியின் உள்ளேயே ஓடி, அடியில் தழும்பை அரைத்த வட்டமும், சான்றான முத்திரையும் இருந்தால், வெனினி என்னும் முடிவை நோக்கி நகரலாம். உள்ளே இழைகள் இருந்து முத்திரை இல்லை என்றால்? முரானோவின் வேறு நிறுவனங்களும் இதே வடிவத்தைப் பின்பற்றின. எனவே "முரானோ பாணிக் கைக்குட்டைச் சாடி, நிறுவனம் தெரியவில்லை" என்று எழுதுவதே முறை.

இத்தாலி என்றால் முரானோ மட்டும்தானா என்றும் கேட்க வேண்டும். தொஸ்கானா மாநிலத்து எம்போலி ஊரிலும் உலைகள் இருந்தன. அச்சில் ஊதிய உயரமான பச்சை நிறப் புட்டிகளை அங்கே பெருவாரியாகச் செய்தார்கள். இன்று அவற்றுள் பலவற்றை முரானோ என்று விற்கிறார்கள். லிகூரியா மாநிலத்து அல்த்தாரேக்கும் நீண்ட கண்ணாடி மரபு உண்டு. பொஹீமியாவின் அடுக்கு வண்ணக் கண்ணாடியும், பிற்காலத்தில் சீனாவிலிருந்து வந்த நகல்களும் இந்தப் பெயரைச் சுமந்து திரிகின்றன. எம்போலிப் புட்டியை எம்போலி என்று சொன்னால் அதற்கென்று ஒரு பெருமை இருக்கிறது. முரானோ என்று சொன்னால் இரண்டு ஊர்களுக்கும் அநீதி செய்கிறோம்.

"தெரியவில்லை" என்னும் விடை

பெரியோர்களே! ஒரு கண்ணாடிச் சாடியின் பெயரில் இவ்வளவு வாதம் எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். தவறான பெயரால் வாங்குபவர் பணத்தை இழக்கிறார் என்பது உண்மை. இழப்பு அதோடு நிற்பதில்லை. புகழ்பெற்ற சில பெயர்களுக்குள்ளேயே எல்லாவற்றையும் அடக்கிவிட்டால், சிறு உலைகளில் நின்று நல்ல வேலை செய்த பலர் வரலாற்றிலிருந்தே அழிந்துபோகிறார்கள். நகலுக்கெல்லாம் முரானோ என்று பெயரிட்டால், இன்றும் அந்தத் தீவில் உலை மூட்டி உழைப்பவரின் பிழைப்பில் மண் விழுகிறது. 2021, 2022ஆம் ஆண்டுகளில் எரிவாயு விலை ஏறியபோது பல உலைகளை அணைத்துவைக்க வேண்டிய நிலை அவர்களுக்கு வந்தது. அந்த உழைப்பாளிகளுக்குச் சேர வேண்டிய பெயரை மற்றொன்றுக்குக் கொடுப்பது ஒருவகைப் பொய்ச்சாட்சியே.

ஆகவே உங்கள் கையில் ஒரு பழைய கண்ணாடி கிடைத்தால் இந்த வரிசையை நினைவில் வையுங்கள். முதலில் கண்ணாடி, அடுத்து வேலைப்பாடு, பிறகு எழுத்து, கடைசியாக ஏடு. நான்கும் ஒத்துப்போனால் பெயரைத் துணிந்து சொல்லுங்கள். மூன்று ஒத்துப்போனால் "இவர் செய்ததாகக் கருதலாம்" என்று சொல்லுங்கள். ஒன்று மட்டும் பேசினால் பெயரை விட்டுவிட்டு, கண்ணால் கண்டதை மட்டும் எழுதிவையுங்கள். உயரம் எவ்வளவு, நிறம் என்ன, அடி எப்படி, யாரிடமிருந்து எப்போது வந்தது என்று ஒரு சிறு தாளில் குறித்து அந்தச் சாடிக்குள்ளேயே போட்டுவையுங்கள். உங்களுக்குப் பின் வருகிற ஒருவர், ஒரு பழைய பட்டியலின் பக்கத்தைத் திறந்து, அதற்குரிய பெயரைக் கண்டுபிடிக்கக் கூடும். நீங்கள் தவறான பெயரை எழுதிவிட்டால் அவர் தேடவே மாட்டார்.